சிலாதார் குதிரைப்படை இழப்பீடு: ஒரு பாலிசியாக எடுத்துப் பார்த்தால்

மோட்டார் கிளைம் பார்ப்பதுதான் எனக்குத் தொழில். நொறுங்கிக் கிடக்கிற வண்டியைச் சுற்றி வந்து, இதில் எது விபத்தில் போனது, எது முன்னாலேயே போயிருந்தது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. அதனால் போர்ச் சரித்திரம் எதைப் படித்தாலும் யார் ஜெயித்தார்கள் என்பதைவிட, செத்த குதிரைக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்ற கேள்வியில்தான் மனசு போய் நிற்கும். இந்த விமர்சனமும் அப்படி ஒரு சேவையைப் பற்றியதுதான். பிரிட்டிஷ் இந்தியாவின் சிலாதார் குதிரைப்படைகளில் வீரன் தன் சொந்தக் காசில் வாங்கிய குதிரையும் சேணமும் சண்டையில் போய்விட்டால் அவனுக்கு எப்படி ஈடு கட்டினார்கள், அந்த ஏற்பாடு அவனுக்கு உண்மையிலேயே உதவியதா? முதல் உலகப் போருக்குப் பிறகு நடந்த படைச் சீரமைப்பில், 1921 வாக்கில், இதை மூடிவிட்டார்கள். இனி யாரும் இதில் சேர முடியாது. ஆனாலும் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வருகிறது.

முதலில் விதிமுறை. சிலாதார் ரெஜிமென்டில் சேர வருகிறவன் குதிரையோடு வர வேண்டும், இல்லையென்றால் அதற்கான தொகையைக் கட்ட வேண்டும். அந்த முதலுக்கு அசாமி என்று பெயர். ஆரம்ப நாட்களில் நிஜமாகவே வீட்டுக் குதிரையில் ஏறி வந்து சேர்ந்தார்கள்; 1803-ல் ஜேம்ஸ் ஸ்கின்னர் திரட்டிய குதிரைப்படையெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். பின்னாளில் ரெஜிமென்டே மொத்தமாகக் குதிரை வாங்கி, சேணம் செய்வித்து, சீருடை தைத்துக் கொடுத்துவிட்டு அசாமிப் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டது. கையில் பணம் இல்லாதவனுக்குச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம். வேலையை விட்டுப் போகும்போது அசாமி திரும்பக் கிடைக்கும். அரசாங்கம் தன் கையிலிருந்து கொடுத்தது துப்பாக்கியும் தோட்டாவும் மட்டுமே. மற்றதெல்லாம் வீரனுடையது.

மற்றதெல்லாம் என்றால் என்னென்ன என்று ஒரு சர்வேயர் கண்ணோடு பாருங்கள். குதிரை ஒன்று. சேணம், அதன் கீழ்த்துணி, கடிவாளம், அங்கவடி. ராத்திரி குதிரையைக் கட்டிப்போட முன்கயிறு, பின்னங்கால் கயிறு, அடித்து இறக்க முளைகள். மூஞ்சியில் மாட்டிவிடுகிற கொள்ளுப் பை. குளிருக்குப் போர்த்துகிற ஜூல். வாள், ஈட்டி. தலைப்பாகைத் துணி, நீளமான குர்த்தா, பூட்ஸ். இதோடு முடியவில்லை. இரண்டு சவார்களுக்கு, அதாவது குதிரை வீரர்களுக்கு, ஒரு மட்டக்குதிரையோ கோவேறு கழுதையோ, அதை ஓட்டவும் புல் வெட்டிக்கொண்டு வரவும் ஒரு ஆள். அந்த ஆளுக்கான கூலி, அந்தக் கழுதைக்கான தீனி, இரண்டிலும் பாதி இவனுடைய பொறுப்பு. ஒரே ஒரு வீரன் களத்தில் நிற்கிறான் என்றால் அவன் காலடியில் இத்தனை சொத்து நிற்கிறது, அத்தனையும் அவன் பெயரில்.

சம்பளம் என்ன? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாதார் சவாருக்கு மாதம் 30 ரூபாய்ச் சொச்சம். காலாட்படைச் சிப்பாய்க்குக் கிடைத்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் அவன் சாப்பாடு, குதிரையின் சாப்பாடு, புல்லுக்காரன் கூலி, துணிமணி, சேணம் பழுதானால் அதைச் சரி செய்வது, அசாமித் தவணை பாக்கி இருந்தால் அது, எல்லாம் போக வேண்டும். 1857-க்கு முன்னால் இன்னும் மோசம். வங்கத்துக் குதிரைப்படைகளில் மாதம் 20 ரூபாய்தான், சிந்துவில் ஜான் ஜேக்கப் நடத்திய படையில் 30. இந்த 10 ரூபாய் வித்தியாசத்தில்தான் ஒருவன் கடன் இல்லாமல் இருப்பதும் ரெஜிமென்ட் வட்டிக்காரனிடம் ஆயுசுக்கும் மாட்டிக்கொள்வதும் அடங்கியிருந்தது. வங்கத்துச் சவார்கள் கடனில் மூழ்கிக் கிடந்ததை அந்தக் காலத்து அதிகாரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். குதிரை ஒன்று செத்தால் அந்தக் கடனை அடைக்க வருஷக்கணக்கில் ஆகும்.

இந்த இடத்தில்தான் இழப்பீட்டு ஏற்பாடு உள்ளே வருகிறது. சந்தா நிதி என்று ஒன்று வைத்திருந்தார்கள். ரெஜிமென்டில் உள்ள ஒவ்வொரு சவாரும் மாதாமாதம் ஒரு தொகை போட வேண்டும், குதிரை செத்தால் அந்த நிதியிலிருந்து புதுக் குதிரை. போர்க்களத்தில் செத்தால் அரசாங்கமும் ஒரு தொகை கொடுக்கும். சுருக்கமாகச் சொன்னால் அமைதிக்கால நஷ்டத்தை வீரர்களே பகிர்ந்துகொண்டார்கள், போர்க்கால நஷ்டத்தில் அரசு ஒரு பங்கு எடுத்துக்கொண்டது.

அமைதிக்கால சந்தா நிதியை நான் மனசாரப் பாராட்டுவேன். காரணம் சொல்கிறேன். ஒரு குதிரை வயிற்று வலியில் விழுந்து புரண்டு விடியற்காலை செத்துப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குதிரையை ரெஜிமென்டில் எல்லோருக்கும் தெரியும். எத்தனை வயசு, எந்தக் காலில் பழைய புண், சொந்தக்காரன் அதை எப்படி வைத்திருந்தான், ஒழுங்காகத் தீனி போட்டானா, முந்தின நாள் வியர்க்க வியர்க்க ஓட்டிவிட்டுத் தண்ணீர் காட்டினானா என்பது வரை பக்கத்து முளையில் குதிரை கட்டியிருந்தவனுக்குத் தெரியும். பொய் கிளைம் வர வழியே இல்லை, நியாயமான கிளைமைச் சந்தேகப்படவும் வேண்டியதில்லை. என் தொழிலில் பாதி நேரம் போவது இந்தச் சந்தேகத்தில்தான். தெரியாத ஊரில், தெரியாத ஆளின் வண்டியை, நடந்து ஒரு வாரம் கழித்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவரையொருவர் தெரிந்த சில நூறு பேர் சேர்ந்து நடத்துகிற நிதியில் அந்தச் சிக்கல் இல்லை. அது மட்டுமில்லை, நிதி வற்றினால் தன் சந்தாதான் ஏறும் என்பதால் அடுத்தவன் குதிரை நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறை எல்லோருக்கும் வந்துவிடுகிறது. ப்ரோபின் குதிரைப்படை என்ற சிலாதார் ரெஜிமென்ட் பஞ்சாபில் ப்ரோபினாபாத் என்று சொந்தமாகக் குதிரைப் பண்ணையே வைத்திருந்தது. சொந்தக் குதிரை என்பதில் ஒரு மரியாதையும் இருந்தது. நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பியதற்கு அதுவும் காரணம்.

குதிரை மாற்றி ஏமாற்றுகிற பிரச்சினைக்கு இந்த நாட்டில் ரொம்பப் பழைய வைத்தியம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அலாவுதீன் கில்ஜி காலத்திலேயே குதிரைக்குச் சூடு போட்டு முத்திரை குத்தி, வீரனின் அங்க அடையாளங்களை எழுதி வைத்தார்கள். அக்பரும் அதையே திரும்பக் கொண்டுவந்தார். நல்ல குதிரையைக் காட்டிச் சம்பளம் வாங்கிவிட்டு நோஞ்சான் குதிரையோடு போருக்கு வருகிறவனைப் பிடிக்க அதுதான் வழி. இன்றைக்குச் சேஸிஸ் எண்ணைத் தேய்த்துப் பார்க்கிறோமே, அதே வேலைதான்.

சரி, பாராட்டு போதும். போர் வந்தால் என்ன ஆகும்?

சந்தா நிதியின் பெரிய ஓட்டை, அது ஒரே ரெஜிமென்டுக்குள் அடைபட்டுக் கிடந்தது. பகிர்ந்துகொள்கிற ஏற்பாடு எதுவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான், எல்லோருக்கும் ஒரே நாளில் நஷ்டம் வரக் கூடாது. நூறு பேரில் இரண்டு பேருடைய குதிரை செத்தால் தொண்ணூற்றெட்டுப் பேர் தாங்குவார்கள். ஆனால் போர் என்பதே எல்லோருக்கும் ஒரே நாளில் நஷ்டம் வருகிற நிலைமை. ஒரே மலைப்பாதையில், ஒரே தீனிப் பஞ்சத்தில், ஒரே துப்பாக்கிச் சூட்டில் நிற்கிற குதிரைகளுக்கு அந்தக் குதிரைகளின் சொந்தக்காரர்களையே ஜாமீன் வைத்தது போல் இருக்கிறது இது. நம் ஊரில் வெள்ளம் வந்த வருஷம் ஒரு தெரு முழுக்க வண்டிகள் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தவன் நான். அந்தத் தெருவுக்காரர்களே சேர்ந்து ஒரு நிதி வைத்திருந்தால் அந்த நிதி ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது. அரசின் போர்க்கால ஈட்டுத்தொகை இருந்தது, உண்மைதான். ஆனால் அது முன்கூட்டியே நிர்ணயித்த தொகை. போர் என்றாலே குதிரை விலை ஏறும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குதிரை வேண்டும். ஏறிய விலைக்கும் கொடுத்த தொகைக்கும் நடுவில் உள்ள பள்ளம் சவாரின் தலையில்தான் விழும்.

அப்புறம் குதிரையைத் தவிர மற்ற பொருட்கள். செத்த குதிரை கண்ணுக்குத் தெரியும். சேணப் பைக்குள் இருந்த குர்த்தா, கால் கயிறு, கொள்ளுப் பை, போர்வை எல்லாம் எங்கே போனது என்று யார் சாட்சி சொல்வது? என் அனுபவத்தில் மனிதர்களை அதிகமாகக் காயப்படுத்துவது இந்தச் சில்லறை இழப்புகள்தான். வண்டிக்குப் பணம் வந்துவிடும், வண்டிக்குள் இருந்ததற்கு வராது.

இதே பிரச்சினையை அமெரிக்கா எப்படிக் கையாண்டது என்று ஒப்பிடாமல் இந்த விமர்சனம் முழுமையாகாது. 1861-ல் அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் படையில் குதிரை வீரர்கள் சொந்தக் குதிரையோடுதான் வந்தார்கள். குதிரைக்கு நாள் வாடகையாக 40 சென்ட். கணக்குப் போட்டால் மாதம் 12 டாலர், சாதாரணக் குதிரை வீரனின் சம்பளமும் அதே 12 டாலர்தான். ஆளுக்கும் குதிரைக்கும் ஒரே விலை. படையில் சேரும்போதே குதிரைக்கு மதிப்புப் போட்டு எழுதிக்கொண்டார்கள். இதுவரை நல்ல பாலிசி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் நிபந்தனையைப் படியுங்கள்: சண்டையில் கொல்லப்பட்டால் மட்டுமே இழப்பீடு, அதுவும் சேர்ந்த நாளில் போட்ட மதிப்புக்கு. எதிரி பிடித்துக்கொண்டு போனால் கிடையாது. நோயில் செத்தால் கிடையாது. ஓடி ஓடித் தேய்ந்து நடக்க முடியாமல் போனால் கிடையாது. போரில் குதிரைகள் பெரும்பாலும் எப்படிப் போகின்றன? குண்டு பட்டு இல்லை, பட்டினியிலும் களைப்பிலும் லாடம் இல்லாத குளம்பிலும்தான். அதாவது நடக்கிற நஷ்டத்தை விட்டுவிட்டு, அபூர்வமாக நடக்கிற நஷ்டத்துக்கு மட்டும் காப்பீடு. போதாததற்குத் தென் மாநில நாணயத்தின் மதிப்பு விழுந்துகொண்டே போய், போரின் கடைசியில் ஒரு குதிரைக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கேட்டார்கள். சேர்ந்த நாள் மதிப்பை வைத்துக்கொண்டு ஒரு காலைக்கூட வாங்க முடியாது.

விளைவு என்ன? குதிரை இழந்தவன் லீவு போட்டு வீட்டுக்குப் போய் வேறு குதிரை கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் காலாட்படைக்குப் போக வேண்டும். வர்ஜீனியாக்காரன் கொஞ்ச நாளில் திரும்பிவிடுவான். தூரத்து மாநிலத்துக்காரன் போனால் எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது. குதிரை இல்லாதவர்களைச் சேர்த்து ‘க்யூ கம்பெனி’ என்று ஒரு கூட்டம் படைக்குப் பின்னால் வண்டிகளோடு நடந்துகொண்டே இருந்தது. தென் மாநிலக் குதிரைப்படைத் தளபதி ஸ்டூவர்ட்டின் துணை அதிகாரியாக இருந்த மெக்லெல்லன், தென் தரப்பு ஆளாக இருந்தும் இந்தக் கொள்கையைக் கடுமையாகக் குறை சொல்லியிருக்கிறார். இழப்பீட்டு விதியில் ஒரு வரியைத் தவறாக எழுதினால் ஒரு குதிரைப்படையின் பலமே எப்படிக் கரையும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதற்கு முன்பே, 1849-ல், அமெரிக்க அரசு போட்ட சட்டம் எவ்வளவோ மேல். அதை எழுதியவர்களுக்குக் களம் தெரிந்திருக்கிறது. எதிரி பிடித்துக்கொண்டாலும், தளபதியின் உத்தரவால் கைவிட்டு வந்தாலும், தீனி இல்லாமல் செத்தாலும், கப்பலில் ஏற்றிப் போகும்போது போனாலும், வீரனின் கவனக்குறைவு இல்லையென்றால் பணம் உண்டு. உச்சவரம்பு 200 டாலர். விண்ணப்பத்தைக் கருவூலத்தின் மூன்றாவது தணிக்கையாளர் அலுவலகம் பார்க்கும், ரெஜிமென்ட் பார்க்காது. வாஷிங்டனில் மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்குக் குதிரையைத் தெரியாது என்பது குறை. ஆனால் பணம் நாட்டின் கஜானாவிலிருந்து வருகிறது, பக்கத்தில் நிற்கிற ஏழையின் சந்தாவிலிருந்து வரவில்லை. போர்க்கால நஷ்டத்துக்கு அதுதான் சரியான இடம் என்பது என் உறுதியான கருத்து. போரை அறிவிக்கிறவர் எவரோ அவர்தான் அதன் நஷ்டத்தையும் ஏற்க வேண்டும்.

இனி நம் பக்கம் வருகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நேர்மாறான உதாரணம் சென்னை மாகாணத்தில்தான் இருக்கிறது. 1914-ல் இந்தியப் படையில் 39 குதிரைப்படை ரெஜிமென்ட்கள். அதில் 36 சிலாதார். சிலாதார் இல்லாதவை மூன்றே மூன்று: 26, 27, 28 என்ற எண்கள் கொண்ட லைட் கேவல்ரி ரெஜிமென்ட்கள், மூன்றுமே பழைய சென்னைக் குதிரைப்படையின் வாரிசுகள். அந்தச் சென்னைப் படையில் குதிரை கிழக்கிந்தியக் கம்பெனியுடையது, பிறகு அரசுடையது. ஓசூர் பக்கம் மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணை இருக்கிறதே, அங்கேதான் படைக்குக் குதிரை தயார் செய்கிற டிப்போ இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த வேலர் குதிரைகள் சென்னைக் கடற்கரையில் இறங்கின. 1806 ஜூலை 10 காலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த செய்தி கேட்டு ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி பாய்ந்து வந்தபோது பின்னால் வந்த சென்னைக் குதிரைப்படைக்காரன், தன் குதிரை செத்தால் குடும்பம் கடனாளியாகுமே என்று யோசிக்க வேண்டிய அவசியம் இல்லை. சம்பளம் சிலாதாரைவிடக் குறைவு. ஆனால் குதிரை போனால் வேறு குதிரை வரும், அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டுக்கு அரசுக்குச் செலவு அதிகம், அதனால்தான் 1857-க்குப் பிறகு வங்கத்திலும் பம்பாயிலும் சிலாதார் முறையையே பரப்பினார்கள். மலிவு என்பதன் பொருள், அந்தச் செலவு இன்னொருவர் தலைக்கு மாறியது என்பதுதான்.

1914 இலையுதிர் காலத்தில் இந்தியக் குதிரைப்படைகள் பிரான்ஸில் போய் இறங்கியபோது சிலாதார் ஏற்பாட்டின் மொத்த பலவீனமும் வெளியே வந்தது. கோவேறு கழுதைக்கும் புல்லுக்காரனுக்கும் அங்கே வேலை இல்லை. ரெஜிமென்ட்டின் குதிரைப் பண்ணை ஒரு கடலுக்கு அப்பால். ஒவ்வொரு ரெஜிமென்டும் தன் விருப்பப்படி சேணமும் பையும் வாங்கியிருந்ததால், ஒரு ரெஜிமென்டிலிருந்து இன்னொன்றுக்கு ஆள் அனுப்பினால் உபகரணம் ஒத்துப்போகவில்லை. புதிதாகச் சேர்கிறவனிடம் அசாமி கேட்டால் ஆள் கிடைக்க மாட்டான், கேட்காவிட்டால் முன்னால் கட்டியவனுக்கு அநியாயம். 1916 ஜூலை 14 மாலை, சோம் போரில், ஹை வுட் காட்டுக்குப் பக்கத்து வயல்களில் 20-வது டெக்கான் ஹார்ஸ் என்ற சிலாதார் ரெஜிமென்ட் ஈட்டியோடு பாய்ந்தது. இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே போகிற ஒரு குதிரையின் நஷ்டத்தை எந்தச் சந்தா நிதியாலும் ஈடுகட்ட முடியாது; குதிரை, உபகரணம் எல்லாவற்றையும் அரசே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதை இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், டெலிவரி வேலைக்குச் சொந்த பைக்கில் போகிற பையன்களின் கிளைம்கள் என் மேஜைக்கு வருகின்றன. பைக் அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, செல்போன் அவனுடையது, மழைக்கோட்டுகூட அவனுடையது. சில பாலிசிகளில் வாடகைக்கோ தொழிலுக்கோ ஓட்டினால் செல்லாது என்ற நிபந்தனை இருப்பது அவனுக்கு விழுந்து எழுந்த பிறகுதான் தெரியவருகிறது. ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், காயத்துக்குக் காப்பீடு உண்டு, வண்டிக்கு இல்லை என்று ஒரு பையனுக்குப் பதில் எழுதியதை நான் படித்தேன். 40 சென்ட் வாடகை கொடுத்துவிட்டுத் தேய்ந்து செத்த குதிரைக்குப் பணம் இல்லை என்றார்களே, அதிலிருந்து இது எந்த விதத்தில் வேறு?

மதிப்பெண் கொடுக்கச் சொன்னால் சந்தா நிதிக்கு அமைதிக்காலத்தில் ஐந்துக்கு நான்கு. ஒரு மதிப்பெண் குறைப்பது சம்பளம் போதாத இடங்களில் சந்தாவே சுமையானதற்காக. போர்க்காலத்தில் ஒன்றரை, அரசு ஈட்டுத்தொகை என்று ஒன்றாவது இருந்ததற்கு அந்த ஒன்றரை. தென் மாநிலங்களின் 40 சென்ட் திட்டத்துக்கு ஒன்று, அதுவும் வாடகையை நாள் கணக்கில் ஒத்துக்கொண்டதற்கு மட்டும். 1849 சட்டத்துக்கு நான்கு, நஷ்டத்தை நடக்கிறபடி எழுதியதற்காக. சென்னை ரெஜிமென்ட்களின் அரசுக் குதிரை முறைக்கு நாலரை. சம்பளம் இன்னும் கொஞ்சம் கொடுத்திருந்தால் ஐந்து. போர் முடிந்து 39 ரெஜிமென்ட்களை 21 ஆகச் சுருக்கியபோது அத்தனைக்கும் இந்தச் சென்னை முறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள், அந்த மூன்றின் வாரிசுகளும் இன்று 7, 8, 16 லைட் கேவல்ரி என்ற பெயர்களில் டாங்கிப் படைகளாக இருக்கின்றன.